வீக்கான கன்சோலுக்கு வெளி டெவலப்பர்ஸ் வருவாங்களா? அடிக்கடி கேக்கப்படுற கேள்விகள்

புது கன்சோல் ஒண்ணு அறிவிச்ச உடனே ஸ்பெக் ஷீட்டை வெச்சு சண்டை ஆரம்பிச்சுடுது. "இதுல பவர் இல்ல, தேர்ட் பார்ட்டி யாரும் எட்டிக்கூட பாக்க மாட்டாங்க"னு ஒரு பக்கம், "கேம் நல்லா இருந்தா போதும் பவர் எதுக்கு"னு இன்னொரு பக்கம். நின்டெண்டோவோட கேம்கியூப் காலத்துல இருந்து இதை கவனிச்சுட்டு வரேன், நடுவுல கொஞ்ச வருஷம் ஒரு சின்ன டீம்ல போர்ட்டிங் வேலையும், அதாவது ஒரு மெஷினுக்கு பண்ண கேமை இன்னொரு மெஷினுக்கு மாத்துற வேலையும் பாத்திருக்கேன், அதனால திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கு எனக்கு தெரிஞ்ச பதிலை ஒரே இடத்துல எழுதி வெக்கிறேன். தேர்ட் பார்ட்டினு நான் சொல்றது கன்சோல் கம்பெனிக்கு சொந்தமில்லாத வெளி டெவலப்பர்ஸையும் பப்ளிஷர்ஸையும்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, வருவாங்களா மாட்டாங்களா?

வருவாங்க. ஆனா எதை எடுத்துட்டு வருவாங்கன்றதுதான் விஷயம். மத்த கன்சோல்ல வர்ற அதே பெரிய கேம், அதே நாள்ல வருமா, ரெண்டு வருஷம் கழிச்சு வருமா, பேரை மட்டும் வெச்சுக்கிட்டு வேற ஒரு சின்ன கேமா வருமா, இல்ல அந்த மெஷினுக்குனே யோசிச்சு பண்ண கேமா வருமா. இந்த நாலையும் "சப்போர்ட்"னு ஒரே வார்த்தைல போட்டு பேசுறதாலதான் பாதி சண்டை முடியவே மாட்டேங்குது. டெவலப்பர் பக்கத்துல இருந்து பாத்தா கணக்கு ஒண்ணுதான்: அந்த மெஷினுக்கு கேமை மாத்த எவ்ளோ செலவாகும், அந்த மெஷின் வெச்சிருக்கவங்கள்ல எத்தனை பேர் இந்த மாதிரி கேமை காசு குடுத்து வாங்குவாங்க. பவர் கம்மினா செலவு ஏறும், அவ்ளோதான் அதோட வேலை. வாங்குறவங்க நிறைய இருந்தா ஏறின செலவையும் தாங்கிக்குவாங்க.

அப்போ "வீக்"னா என்ன, எதை வெச்சு சொல்றது?

பக்கத்துல நிக்கிற மெஷினை வெச்சுதான். தனியா எந்த கன்சோலும் வீக் கிடையாது. அதே தலைமுறைல அதிகமா விக்கிற மெஷின் எதுவோ அதை அடிப்படையா வெச்சுதான் பெரும்பாலான கேம் டிசைன் ஆகுது, அந்த அடிப்படை மெஷினே வீக்கா இருந்தா யாருக்கும் பிரச்சனை இல்ல, ஏன்னா மேல இருக்க மெஷினுக்கு ஏத்துறது ஈஸி, கீழ இறக்குறதுதான் கஷ்டம். வீக்கான மெஷின் தனியா ஒதுங்கி நிக்கும்போதுதான் அடி விழுது.

பிளேஸ்டேஷன் 2 வீக்னு சொல்றீங்களா, அதுக்குதானே எல்லா கேமும் வந்துச்சு?

அதைத்தான் நானும் சொல்றேன். 2000ல வந்த பிஎஸ் 2ல மெயின் மெமரி 32 எம்பி, அடுத்த வருஷம் வந்த எக்ஸ்பாக்ஸ்ல 64 எம்பி, கூடவே உள்ள ஹார்ட் டிஸ்க் வேற. கிராஃபிக்ஸ்ல எக்ஸ்பாக்ஸும் கேம்கியூபும் பிஎஸ் 2வ தாண்டி நின்னுச்சு, ப்ரோகிராம் பண்றதுக்கும் பிஎஸ் 2 லேசான மெஷின் இல்ல, அதோட உள்ளமைப்பை புரிஞ்சுக்கவே டீம்களுக்கு காலம் புடிச்சுது. ஆனா அது 15 கோடிக்கு மேல வித்துச்சு, கேம்கியூப் 2 கோடியே 17 லட்சம்தான். எல்லாரும் பிஎஸ் 2க்கு பண்ணிட்டு மத்ததுக்கு அதை அப்படியே கொண்டு போனாங்க.

இதுக்கு எனக்கு ரொம்ப புடிச்ச உதாரணம் ரெசிடென்ட் ஈவில் 4. கேம்கியூப்ல மட்டும்தான் வரும்னு சொல்லி 2005 ஜனவரில வந்த கேம், அந்த மெஷினை பிழிஞ்சு எடுத்து பண்ண வேலை. அதே வருஷம் அக்டோபர்ல கேப்காம் அதை பிஎஸ் 2க்கு கொண்டு வந்துட்டாங்க, அதாவது பவர் ஜாஸ்தி இருக்க மெஷின்ல இருந்து கம்மியா இருக்க மெஷினுக்கு. உருவங்களை கட்டுற பாலிகன் எண்ணிக்கைய குறைச்சாங்க, லைட்டிங் குறைச்சாங்க, கேம்குள்ளயே நேரடியா ஓடுன சினிமா காட்சியெல்லாம் ரெக்கார்ட் பண்ண வீடியோவா மாறிச்சு. இவ்ளோ வெட்டுனதுக்கு ஈடா ஏடான்ற கேரக்டரை வெச்சு புதுசா ஒரு பகுதியும் சேத்து குடுத்தாங்க. கேம்கியூப் வெச்சிருந்த எனக்கு அப்போ அது பெரிய வலி. இப்போ யோசிச்சா அவங்க செஞ்சது முழுக்க நியாயம், வாங்குறவங்க அங்கதான் இருந்தாங்க.

அதுக்கு முந்தின தலைமுறையும் இதே கதைதான். 1996ல வந்த நின்டெண்டோ 64, பிஎஸ் 1ஐ விட கணக்கு போடுறதுல பலமான மெஷின், ஆனா கார்ட்ரிட்ஜ். அதுல 4 எம்பில இருந்து 64 எம்பி வரைக்கும்தான் இடம், ஒரு சிடில 650 எம்பி. கார்ட்ரிட்ஜ் தயாரிக்க செலவும் ஜாஸ்தி, பப்ளிஷர் முன்கூட்டியே பணத்தை போட்டு மொத்தமா ஆர்டர் பண்ணணும், விக்காம நின்னா நஷ்டம் அவங்க தலைலதான். ஃபைனல் ஃபேன்டஸி 7 1997ல 3 சிடில பிஎஸ் 1க்கு போச்சு. அதனால பவர்னு பேசும்போது சிப்பை மட்டும் பாக்காதீங்க, கேமை எதுல போட்டு விக்கிறோம்ன்றதும் அதுல சேத்திதான்.

நின்டெண்டோ வீ (Wii) 10 கோடி வித்துச்சே, அப்புறம் ஏன் பெரிய கேமெல்லாம் வரல?

அதிகமா கேக்குற கேள்வி இதுதான், பதிலும் நீளம்தான். 2006ல வீ வந்தப்போ அதுல மொத்தமே 88 எம்பி மெமரி. எக்ஸ்பாக்ஸ் 360லயும் பிஎஸ் 3லயும் 512 எம்பி. படம் 480பிக்கு (அதாவது 480 வரிக்கு) மேல போகாது, மத்த ரெண்டும் ஹெச்டி. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது. அதிகம் பேசாத விஷயம் என்னன்னா, வீயோட கிராஃபிக்ஸ் சிப் கேம்கியூப் வழியிலயே வந்தது, மத்த ரெண்டும் ப்ரோகிராம் பண்ற ஷேடருக்கு மாறியிருந்துச்சு. அதாவது ஒரு சுவர் மேல வெளிச்சம் எப்படி விழணும்னு டெவலப்பரே கோட் எழுதி முடிவு பண்ற முறை. வீல அந்த கோடை அப்படியே ஓட்ட வழியில்ல, சிப்புக்குள்ள இருக்க குறிப்பிட்ட அடுக்குகளை கோர்த்து கோர்த்துதான் எஃபெக்ட் வரவைக்கணும். அன்னிக்கு நிறைய பேர் வாங்கி பயன்படுத்துன அன்ரியல் 3 மாதிரி பெரிய இன்ஜின், அதாவது கேமை கட்டுற அடிப்படை சாஃப்ட்வேர், வீ பக்கம் வரவே இல்ல. அதனால 360ல பண்ண கேமை வீக்கு "குறைச்சு" குடுக்க முடியாது, முதல்ல இருந்து வேற கேமா பண்ணணும். தனி டீம், தனி ஆர்ட், தனி இன்ஜின்.

கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் மத்ததுல 2007ல வந்துச்சு, வீக்கு 2009ல வந்துச்சு, ரெண்டு வருஷம் லேட். இன்னும் தெளிவா புரியணும்னா டெட் ரைசிங் பாருங்க. 360ல அந்த கேமோட உயிரே கூட்டம்தான், ஒரே ஸ்கிரீன்ல நூத்துக்கணக்குல ஜாம்பி வந்து அடைக்கும், எப்படி புகுந்து வெளிய வர்றதுன்றதுதான் விளையாட்டு. வீக்கு வந்த வெர்ஷன்ல கூட்டம் கரைஞ்சு போச்சு. படம் மங்கலா இருந்தா பொறுத்துக்கலாம், கேமோட அடிப்படையே போயிட்டா என்ன பண்றது. அதனால பப்ளிஷர்ஸ் பக்கவாட்டுல ஒரு கேம் பண்ணாங்க: டெட் ஸ்பேஸ் வரல, 2009ல டெட் ஸ்பேஸ் எக்ஸ்ட்ராக்‌ஷன்னு கேமரா தானா நகர, நாம சுட மட்டும் செய்யுற ஒரு கேம் வந்துச்சு. ரெசிடென்ட் ஈவில் 5 வரல, அம்ப்ரெல்லா க்ரானிக்கிள்ஸ் வந்துச்சு. இதெல்லாம் மோசமான கேம்னு சொல்ல மாட்டேன், எக்ஸ்ட்ராக்‌ஷனை நான் ரசிச்சு விளையாடியிருக்கேன். ஆனா பெரிய கேமுக்கு காத்திருந்தவன் கைல அதுக்கு பதிலா வேற கேமை குடுத்தா அவன் வாங்க மாட்டான், அவன் வாங்கலன்னதும் "பாத்தீங்களா, வீ வெச்சிருக்கவங்க வாங்குறதில்ல"னு பப்ளிஷர் முடிவு பண்ணிடுவான், அடுத்த பெரிய கேமும் வராது, அந்த மாதிரி கேம் வேணும்னு இருக்கவங்க வேற கன்சோலுக்கு மாறிடுவாங்க, அப்புறம் பப்ளிஷர் சொன்னது நிஜமாவே உண்மையாயிடும்.

அதே நேரத்துல வீ கன்சோலுக்குனே யோசிச்சவங்க ஜெயிச்சாங்க. யூபிசாஃப்ட்டோட ஜஸ்ட் டான்ஸ் 2009ல வீல வந்துச்சு, கன்ட்ரோலரை கைல புடிச்சு ஆடுறதுதான் கேமே, பவர் எங்கயும் தேவைப்படல. அந்த சீரிஸ் வீக்கு 2019 வரைக்கும் வருஷா வருஷம் வந்துட்டே இருந்துச்சு, நின்டெண்டோவே வீய விட்டு ரெண்டு கன்சோல் தாண்டி போன பிறகும். இன்னொரு பக்கம், பிஎஸ் 3க்கு வர வேண்டிய மான்ஸ்டர் ஹன்டர் 3ஐ கேப்காம் 2007ல வீக்கு மாத்துனாங்க, காரணம் பிஎஸ் 3ல பண்ற செலவு. வீக்கான மெஷின்ல கேம் பண்ண ஆகுற செலவும் கம்மி, அதை இந்த வாதத்துல எல்லாரும் மறந்துடறாங்க.

அப்போ வீ யூல பவர் ஏத்துனாங்களே, அது ஏன் விழுந்துச்சு?

ஏத்துனது லேட்டா ஏத்துனாங்க. 2012 நவம்பர்ல வந்த வீ யூ, கிட்டத்தட்ட பிஎஸ் 3, 360 அளவுக்கு ஓடுற மெஷின், மெமரி அதைவிட ஜாஸ்தி, ஆனா கேமோட கணக்கையெல்லாம் போடுற சிபியு 1.24 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுற மூணு கோர், அது பழைய ரெண்டு கன்சோலோட போட்டி போடவே திணறுச்சு. சரியா ஒரு வருஷத்துல 8 ஜிபி மெமரியோட பிஎஸ் 4 வந்து நின்னுச்சு. வீ யூல கேமுக்கு கிடைக்கிறது 1 ஜிபி. தொடங்குன அன்னிக்கு அசாசின்ஸ் க்ரீட் 3, மாஸ் எஃபெக்ட் 3, பேட்மேன் ஆர்க்கம் சிட்டினு நல்ல லிஸ்ட் இருந்துச்சு, ஆனா அதுல பல கேமை மத்த கன்சோல்ல ஜனங்க ஏற்கனவே முடிச்சுட்டாங்க. கன்சோலும் விக்கல, வாழ்நாள் முழுக்க 1 கோடியே 35 லட்சம்தான். ரேமன் லெஜண்ட்ஸ் வீ யூக்கு மட்டும்னு சொல்லி 2013 பிப்ரவரில வர வேண்டியது, வெளியாக கொஞ்ச வாரம் இருக்கும்போது செப்டம்பருக்கு தள்ளி வெச்சு மத்த கன்சோலுக்கும் சேத்து விட்டாங்க. செலவு நடுத்தரம், வாங்குறவங்க இல்ல. வீல நேர்மாறு, வாங்குறவங்க இருந்தாங்க செலவு எட்டல. முன்னாடி சொன்ன கணக்குல எந்த பக்கம் அறுந்தாலும் விளைவு ஒண்ணுதான்.

ஸ்விட்சும் வீக்தானே, அதுக்கு மட்டும் எப்படி இவ்ளோ கேம்?

ஆமா வீக்தான். 2017 மார்ச்ல வந்த நின்டெண்டோ ஸ்விட்ச்ல என்விடியாவோட டெக்ரா எக்ஸ் 1, அது 2015லயே வந்த சிப், 4 ஜிபி மெமரி, உள்ள 32 ஜிபி ஸ்டோரேஜ். பிஎஸ் 4ஓட கூட ஒப்பிட முடியாது. ஆனா வீ பண்ண தப்பை இது பண்ணல: பவர் கம்மியா இருந்தாலும் பேசுற பாஷை ஒண்ணா இருந்துச்சு. கிராஃபிக்ஸ் சிப் அதே காலத்து என்விடியா வகை, ஷேடரெல்லாம் அப்படியே புரிஞ்சுக்கும், அன்ரியல் 4, யூனிட்டின்ற ரெண்டு பெரிய இன்ஜினும் அதுல ஓடுது. அதனால ஒரு டீம் தன்னோட கேமை எடுத்து ஒரு முறை ஸ்விட்ச்ல பில்ட் பண்ணி ஓட விட்டு பாக்கலாம், நொடிக்கு 8 ஃபிரேம், அதாவது 8 படம்தான் வந்தாலும் பரவால்ல, ஓடுதுல்ல. ஓடாத கேமை எழுதணும்னா ஒரு வருஷ ப்ராஜெக்ட், மெதுவா ஓடுற கேமை வேகமாக்கணும்னா அது உக்காந்து செதுக்குற வேலை. இந்த வித்தியாசத்தை வெளில இருந்து பாக்குறவங்களுக்கு புரிய வைக்க நான் எவ்ளோ முறை முயற்சி பண்ணியிருக்கேன்னு சொல்ல முடியாது.

2017 நவம்பர்ல பேனிக் பட்டன் டீம் டூம் கேமை ஸ்விட்சுக்கு கொண்டு வந்தாங்க, மத்ததுல 60 ஃபிரேம், இதுல 30. 2019 அக்டோபர்ல சேபர் இன்டராக்டிவ் விட்சர் 3ஐ 32 ஜிபி கார்ட்ரிட்ஜுக்குள்ள அடக்குனாங்க, அதுவும் ரெண்டு பெரிய எக்ஸ்பான்ஷனோட சேத்து. கைல வெச்சு விளையாடும்போது 540பி, டிவில 720பி வரைக்கும். ஊர் சந்தைல ஆள் நடமாட்டம், தூரத்து மரம், புல்லு எல்லாத்துலயும் கை வெச்சிருக்காங்க, ஆனா விட்சர் 3 விட்சர் 3ஆவே இருக்கு. பேர் வெளிய தெரியாம இந்த வேலைய பாக்குற போர்ட்டிங் டீம்களுக்கு கிடைக்க வேண்டிய மரியாதை இன்னும் கிடைக்கலன்றது என் மனசுல இருக்க குறை.

இன்னொண்ணு, சின்ன டீம்கள். ஸ்டார்டூ வேலி 2017, ஹாலோ நைட் 2018, ஹேடீஸ் 2020. இந்த மாதிரி கேமுக்கு 4 ஜிபி தாராளம். அதோட கைல எடுத்துட்டு போலாம்ன்றது மத்த கன்சோல் எதுவும் குடுக்காத ஒண்ணு, ஏற்கனவே வேற இடத்துல வாங்குன கேமையே ரெண்டாவது முறை வாங்குனவங்க எத்தனையோ பேர், நானும் அதுல ஒருத்தன். 15 கோடிக்கு மேல வித்த மெஷின், இன்ஜின் ரெடியா இருக்கு, மாத்துற செலவு கம்மி. ஏன் வர மாட்டாங்க.

போர்ட் பண்ணும்போது உண்மைல எது கழுத்தை புடிக்கும், கிராஃபிக்ஸா?

கிராஃபிக்ஸ் கடைசி கவலை. ரெசல்யூஷனை குறைச்சா அந்த சுமை நேரடியா இறங்கும்: 1080பில 20 லட்சம் பிக்சலுக்கு மேல, 540பில அதுல சரியா கால்வாசி. நிழலை மங்கலாக்கலாம், புல்லை எடுத்துடலாம்.

சிபியு அப்படி இல்ல. எதிரி எப்படி யோசிக்கணும், பொருள் எப்படி உருளணும், ஒரே நேரத்துல எத்தனை பேர் தெருவுல நடக்கணும்ன்றது கேமோட விதி, ரெசல்யூஷன் குறைச்சா இது குறையாது. 30 ஃபிரேம்ல தட்டுத்தடுமாறி ஓடுற கேமை பாதி சிபியு இருக்க மெஷின்ல ஓட்டுன்னா கேமையே மாத்துன்னுதான் அர்த்தம்.

எல்லாத்தையும் விட கொடுமை மெமரி. ஃபிரேம் ரேட் குறைஞ்சா கேம் மெதுவா ஓடும், மெமரி பத்தலன்னா கேம் ஓடவே ஓடாது, கிராஷ்தான். நான் வேலை பாத்த சின்ன கேம்லயே கடைசி ரெண்டு மாசம் முழுக்க எங்க 6 எம்பி மிச்சம் புடிக்கலாம், எந்த சத்தத்தோட தரத்தை குறைக்கலாம், எந்த டெக்ஸ்சரை ரெண்டு லெவலும் பகிர்ந்துக்கலாம்னு தேடுனதுலயே போச்சு. ராத்திரி பூரா ஓட விட்டுட்டு காலைல வந்து பாத்தா மூணு மணிக்கு கிராஷ் ஆகியிருக்கும். 2023 நவம்பர்ல ஸ்விட்சுக்கு வந்த ஹாக்வார்ட்ஸ் லெகசில, மத்த கன்சோல்ல நடந்தே நுழையுற ஹாக்ஸ்மீட் ஊருக்குள்ள போக லோடிங் ஸ்கிரீன் வரும். அது சோம்பேறித்தனம் இல்ல, வெளி உலகத்தையும் ஊரையும் ஒரே நேரத்துல வெக்க இடம் இல்ல.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் பத்தி இவ்ளோ குறை வர்றதும் இதனாலதானா?

அதனாலதான். 2020ல வந்த சீரிஸ் எஸ்ல சிபியு கிட்டத்தட்ட பெரிய அண்ணன் சீரிஸ் எக்ஸ் மாதிரியேதான், கிராஃபிக்ஸ் மூணுல ஒரு பங்கு, அது ரெசல்யூஷன்ல சரியாயிடும்னு திட்டம் போட்டாங்க, திட்டம் தப்பில்ல. ஆனா மெமரி 16க்கு பதிலா 10 ஜிபி. பால்டர்ஸ் கேட் 3 பிஎஸ் 5ல 2023 செப்டம்பர், எக்ஸ்பாக்ஸ்ல டிசம்பர். காரணம் ஸ்பிளிட் ஸ்கிரீன், அதாவது ஒரே டிவிய பாதியா பிரிச்சு ரெண்டு பேர் விளையாடுறது: ரெண்டு பேர் மேப்போட ரெண்டு மூலைல நின்னா ரெண்டு இடத்தையும் மெமரில வெச்சிருக்கணும். ரெண்டு எக்ஸ்பாக்ஸ்லயும் ஒரே வசதிகள் இருக்கணும்ன்றது மைக்ரோசாஃப்ட்டோட விதி, கடைசில சீரிஸ் எஸ்ல மட்டும் ஸ்பிளிட் ஸ்கிரீன் இல்லாமலே வெளியிட ஒத்துக்கிட்டாங்க. இங்க ஒரு வேறுபாட்டை கவனிங்க: ஸ்விட்சுக்கு போகலாமா வேணாமான்னு டெவலப்பர் தானே முடிவு பண்ணலாம், சீரிஸ் எஸ்ஸை தாண்டாம சீரிஸ் எக்ஸுக்கு போகவே முடியாது. வீக்கா இருக்கறதை விட கட்டாயமா இருக்கறதுதான் டெவலப்பர்ஸுக்கு கோவத்தை கிளப்புது.

கைல வெச்சு விளையாடுற கன்சோல்ல மட்டும் வீக்கானதே ஜெயிக்குதே, எப்படி?

கைல இருக்க மெஷினுக்கு பேட்டரியும் வெலையும்தான் பவர். 1989ல கேம் பாய்ல கலரே இல்ல, நாலு சாயல்தான், கூட நின்ன அட்டாரி லிங்க்ஸும் அப்புறம் வந்த சேகா கேம் கியரும் கலர்ல ஜொலிச்சுது, ஆனா ரெண்டும் ஆறு பேட்டரிய சில மணி நேரத்துல குடிச்சு முடிச்சுடும். கேம் பாய் நாலு பேட்டரில அதைவிட பல மடங்கு நேரம் ஓடும். அதை உருவாக்குன குன்பெய் யோகோய் சொல்லிட்டு இருந்த கொள்கையே இதுதான்: பழகி மலிஞ்சு போன டெக்னாலஜிய எடுத்து புது விதமா யோசிச்சு பயன்படுத்தணும். கலர் வெர்ஷனையும் சேத்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல வித்துச்சு, வெளி டெவலப்பர்ஸ் சொல்லாமலே வந்தாங்க.

நின்டெண்டோ டிஎஸ் கதையும் அப்படித்தான். 2004ல வந்தப்போ 4 எம்பி மெமரி, 67 மெகாஹெர்ட்ஸ், எதிர்ல சோனி பிஎஸ்பி கிட்டத்தட்ட பிஎஸ் 2 மாதிரி படம் காட்டுது. டிஎஸ் 15 கோடியே 40 லட்சம். ஜப்பான்ல ஒவ்வொரு தலைமுறைலயும் முன்னணில இருக்க கன்சோலைத்தான் டிராகன் குவெஸ்ட் தேடிப் போகும்னு பேர், அதோட ஒன்பதாவது பாகம் 2009ல டிஎஸ்ல வந்துச்சு, 50 லட்சத்துக்கு மேல வித்துச்சு. சின்ன ஸ்கிரீன், சின்ன ஆர்ட், சின்ன டீம், அதனால ஒரு கேம் தோத்தாலும் கம்பெனி மூழ்காது, புதுசா முயற்சி பண்ணலாம். லெவல் 5ஓட ப்ரொஃபசர் லேட்டன் மாதிரி ஒரு புதிர் கேம் ஹெச்டி கன்சோல்ல முதல் முறையா பிறந்திருக்குமான்னு எனக்கு பெரிய சந்தேகம்.

கிளவுட் வெர்ஷனையும் சப்போர்ட்னு எடுத்துக்கலாமா?

என் கணக்குல இல்ல. 2020ல கன்ட்ரோல், 2022ல கிங்டம் ஹார்ட்ஸ் இதெல்லாம் ஸ்விட்ச்ல கிளவுட்டா வந்துச்சு, கேம் எங்கயோ சர்வர்ல ஓடும், உங்களுக்கு வீடியோதான் வரும். நெட் போனா கேம் போச்சு, கைல எடுத்துட்டு போற மெஷினுக்கு இது சரிப்படாது.

பவர் இருந்தும் பெரிய பப்ளிஷர்ஸ் ஒதுங்குன கன்சோல் இருக்கா?

இருக்கு. சேகா ட்ரீம்காஸ்ட் வந்தப்போ கூட நின்ன எல்லாத்தையும் தாண்டுன மெஷின், ஆனா அதுக்கு முந்தி வந்த சாட்டர்ன்ல ரெண்டு சிபியு, ரெண்டு வீடியோ சிப்னு டெவலப்பர்ஸை போட்டு வதைச்சிருந்தாங்க, நம்பிக்கை போயிருச்சு. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ட்ரீம்காஸ்ட்டுக்கு ஒரு கேம் கூட பண்ணல. 2001 மார்ச்சோட உற்பத்தியே நின்னுச்சு.

"நின்டெண்டோ மெஷின்ல நின்டெண்டோ கேம் மட்டும்தான் விக்கும்"னு சொல்றாங்களே?

பாதி உண்மை. அவங்க கேமோட ஒரே மாசத்துல மோதுனா அடி விழும்ன்றது உண்மை. கேம்கியூப் காலத்துலயும் வீ காலத்துலயும் நல்ல வெளி கேம் பலது கவனிக்க ஆளில்லாம போச்சு, வீல வந்த ஜாக் அண்ட் விக்கி எனக்கு இன்னிக்கும் ஆறாத ஒண்ணு, அவ்ளோ அழகான புதிர் கேம். ஆனா 2021 மார்ச்ல மான்ஸ்டர் ஹன்டர் ரைஸை கேப்காம் ஸ்விட்சுக்கு மட்டும் விட்டாங்க, பிஎஸ்ஸுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் 2023 ஜனவரிலதான் போச்சு, அது தோத்த கேமா? மத்த இடத்துல ஏற்கனவே பழசான கேமை, பாதி வசதிய எடுத்துட்டு, முழு வெலைக்கு குடுத்தா எந்த மெஷின்லயும் விக்காது.

வீக்கான மெஷினை மனசுல வெச்சு கேம் பண்ணா கேமே கெட்டுடாதா?

எந்த கேம்ன்றதை பொறுத்தது. கூட்டமும் பெரிய உலகமும்தான் ஐடியான்னா, ஆமா, சின்ன மெமரி ஐடியாவையே சுருக்கும், அதை மறைச்சு பேசுறதுல பிரயோஜனம் இல்ல. ஆனா எல்லா ஐடியாவும் பெருசு இல்ல. 2022ல வந்த பிளேடேட் பாருங்க, கருப்பு வெள்ளை ஸ்கிரீன், 16 எம்பி மெமரி, பக்கவாட்டுல சுத்துற ஒரு கைப்பிடி. டெவலப் பண்ற டூல்ஸை இலவசமா குடுத்துட்டாங்க, தனி ஆளா உக்காந்து கேம் பண்றவங்க நிறைய பேர் வந்து குவிஞ்சாங்க. பெரிய பப்ளிஷர் யாரும் வர வேணாம், அந்த மெஷினுக்கு அந்த அளவு சப்போர்ட் போதும். விரலுக்கேத்த வீக்கம்.

ஸ்டீம் டெக்கும் ஸ்விட்ச் 2வும் இந்த கணக்குல எங்க வருது?

கைல வெச்சு விளையாடுற பிசியான ஸ்டீம் டெக் கணக்கையே மாத்திடுச்சு. விண்டோஸ் கேமை ப்ரோட்டான்ற சாஃப்ட்வேர் மூலமா அப்படியே ஓட்டுது, டெவலப்பர் ஒண்ணும் பண்ணலன்னாலும் பெரும்பாலான கேம் ஓடும், மாத்துற செலவு பூஜ்யத்துக்கு பக்கத்துல வந்துட்டா பவர் கம்மியா இருந்தா என்ன. ஸ்விட்ச் 2, 2025 ஜூன் 5 வந்துச்சு, 12 ஜிபி மெமரி, கூடவே சின்ன படத்தை கணக்கு போட்டு பெருசா தெளிவாக்குற டிஎல்எஸ்எஸ். பிஎஸ் 5ஐ விட கம்மிதான், ஆனா சைபர்பங்க் 2077 முதல் நாளே 64 ஜிபி கார்ட்ரிட்ஜ்ல முழுசா வந்துச்சு. பல பப்ளிஷர்ஸ் கேம் கீ கார்டுனு, உள்ள கேமே இல்லாம டவுன்லோட் பண்ண சாவி மட்டும் இருக்க கார்டுல விக்கிறாங்க, நின்டெண்டோ 64 காலத்து கார்ட்ரிட்ஜ் செலவு பிரச்சனை வேற உருவத்துல திரும்பி வந்திருக்கு, வாங்குறவனா எனக்கு அது கொஞ்சமும் புடிக்கல.

புது கன்சோல் வந்தா, சப்போர்ட் நிலைக்குமான்னு எதை வெச்சு கண்டுபுடிக்கிறது?

தொடக்க நாள் லிஸ்ட்டை வெச்சு இல்ல, அதுல வர்றதெல்லாம் முன்னாடியே பேசி முடிச்சது. ரெண்டாவது வருஷத்தை பாருங்க, முக்கியமா வருஷா வருஷம் வர்ற ஃபுட்பால் மாதிரி ஸ்போர்ட்ஸ் கேம்களை, ஏன்னா அதுல தான் பப்ளிஷர் ஒவ்வொரு வருஷமும் புதுசா கணக்கு போட்டு பாக்குறான். வீ யூல ஃபிஃபா 13 வந்துச்சு, 14 வரல, அன்னிக்கே கதை முடிஞ்சுது. ஸ்விட்ச்ல 18 வந்துச்சு, மத்த கன்சோல்ல ஓடுற ஃப்ராஸ்ட்பைட் இன்ஜின் இல்லாம தனியா பண்ணது. அப்புறம் 20ல இருந்து 23 வரைக்கும் லெகசி எடிஷன்னு பேர் போட்டு, பழைய கேமையே டீமும் ஜெர்சியும் மாத்தி வித்தாங்க. நாலு வருஷம் அப்படியே போச்சு, ஆனாலும் ஜனங்க வாங்கிட்டேதான் இருந்தாங்க, நிறுத்துறதுக்கும் மனசு வரல எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு. 2023 செப்டம்பர்ல ஃபிஃபா பேரை மாத்தி எஃப்சி 24னு வந்தப்போதான் ஃப்ராஸ்ட்பைட் ஸ்விட்சுக்கு வந்து சேந்துச்சு. கன்சோல் வந்து ஆறரை வருஷம் ஆயிருந்துச்சு, உள்ள அதே டெக்ரா எக்ஸ் 1 வகை சிப், அதே 4 ஜிபி.